'டுமா'வோடு நின்ற பாட்டு

பாட்டை நாங்கள் நிறுத்திவிட்டோம். அவர்கள் நிறுத்தவில்லை.

லாட்ஜின் மொட்டை மாடி. மார்கழிச் சாயங்காலம். கைப்பிடிச் சுவர் முழுக்க சீரியல் பல்புகளைச் சுற்றியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள், சால்வையும் கதர்ச் சட்டையுமாக. எலுமிச்சைத் தேநீர் வாசனை. மைக்குக்கு முன்னால் நான், எனக்கு இடப்பக்கம் கிட்டாரோடு தாமு அண்ணன்.

கடைசிப் பாட்டின் கடைசிச் சொல்லை நான் வெட்டினேன். அதே நொடியில் தாமு அண்ணன் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினார். டிரம்ஸ்காரர் பித்தளைத் தட்டைக் கையால் கவ்விப் பிடித்தார். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த வெட்டு. எங்கள் நிகழ்ச்சியின் சிகரமே அதுதான் என்று நம்பியிருந்தோம்.

மாடி அமைதியானது. நாங்கள் கைதட்டலுக்குக் காத்திருந்தோம். அவர்களும் எதற்கோ காத்திருந்தார்கள்.

பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், நான் விட்ட இடத்தில் பாட்டை எடுத்துக்கொண்டது. இன்னொரு குரல் சேர்ந்தது. அப்புறம் மாடியே பாடியது. நாங்கள் ஒருபோதும் கேட்டிராத வரிகள்.

என் காது மடல் சூடாகத் தொடங்கியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், இதை எழுதும்போதும் சுடுகிறது.

சென்ற வாரம், கல்லூரிக் காலத்தில் தாமு ஆர்க்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். 'அப்புறம் ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் ஒரே வரியோடு நிறுத்தினேன். மாட்டிக்கொண்டேன்.

படமில்லாத பாட்டு

தாமு அண்ணனுக்குத் திருவண்ணாமலைத் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் மிக்சி, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடை. கடைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கேதான் ஒத்திகை. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று மாதத்தில் சில கச்சேரிகள் கிடைக்கும். எல்லாம் சினிமாப் பாட்டு. நான் கணக்கு இளநிலைப் படிப்பு, தமிழ் வழி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தாமு அண்ணன் வேலூரிலிருந்து ஒரு கேசட்டோடு வந்தார். பெயர் பெற்ற ஒரு இங்கிலாந்து ராக் குழுவின் பாடல்கள். குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் செய்ததற்கு அவர்கள் எந்த வகையிலும் பொறுப்பல்ல.

"இதுல இருக்கறதெல்லாம் சிங்கிள்ஸ்" என்றார்.

சிங்கிள் என்றால் எங்களுக்கெல்லாம் சிங்கிள் டீதான் தெரியும்.

"ஒரு இசைத்தட்டுல ஒரே ஒரு பாட்ட போட்டு விப்பாங்களாம். ஜனங்க அந்த ஒரு பாட்டுக்கோசரம் கடையில வரிசையில நிப்பாங்களாம். அப்டி எத்தினியோ வருசமா வந்த பாட்டையெல்லாம் பொறுக்கி ஒண்ணா சேத்ததுதான் இது."

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். அவர் திருவண்ணாமலை - கீழ்பென்னாத்தூர் வழியில் ஓடிய ஒரு தனியார் பேருந்தில் கண்டக்டர். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இங்கிலீஷ் பாட்டா? எந்தப் படத்துல?"

"படம் இல்ல நைனா. வெறும் பாட்டு."

"படமில்லாம எப்டி பாட்டு? அப்ப யாரு நடிச்சாங்க?"

"யாரும் நடிக்கல. அவங்களே பாடுவாங்க, அவ்ளோதான்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "பாவம்" என்றார்.

வெட்டு

கேசட் நகலின் நகல். பின்னணியில் எந்நேரமும் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரு இரைச்சல். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வந்த கிட்டார் ஒலியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாட்டுக்குப் பின்னால் பதுங்கி நிற்காமல் பாடகனோடு மல்லுக்கு நிற்கிற கிட்டார். தாமு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் விரல்கள் மேசை விளிம்பில் தாமாக ஓடும்.

வரிகள் எங்கும் அச்சாகி இல்லை. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டோம். பாதிச் சொற்களுக்கு எனக்குப் பொருள் தெரியாது. மீதிப் பாதி சொற்கள்தானா என்பதே தெரியாது.

பி பக்கத்தில் கடைசியாக ஒரு பாட்டு. ஒருவன் ரயில் நிலையத்தில் ஒருத்திக்காகக் காத்திருக்கிறான் என்று புரிந்தது. மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். உச்சத்தில் பாடகன் 'டுமா' என்று கத்துவான். அவ்வளவுதான். கத்தியால் அறுத்த மாதிரி நின்றுவிடும். அதன் பிறகு வெறும் நாடா அமைதியாக ஓடிக்கொண்டே இருக்கும்.

"டுமானா இன்னா அண்ணா?"

"அது ராக்குல சொல்ற வார்த்தை. அர்த்தமெல்லாம் பாக்கக் கூடாது." தாமு அண்ணனுக்குக் குரலே மாறிப்போனது. "இங்க பாரு சுமதி. நம்மாளுங்கனா பல்லவிய மூணு வாட்டி இழுத்து இழுத்து முடிப்போம். அவன் பாரு, பட்டுனு வெட்டிட்டான். அதுக்கு ஒரு தில்லு வேணும்."

கேசட்டில் அது எப்படி அறுந்தது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது. யாரோ ஒரு புண்ணியவான் சின்ன கேசட்டில் பதிந்திருக்கிறார். பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்துவிட்டது. அதை இன்னொருவர் பெரிய கேசட்டில் நகல் எடுத்திருக்கிறார். அறுந்த இடத்துக்குப் பிறகும் நாடா ஓடியதால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பாடகன் சொல்ல வந்தது 'டுமாரோ'. நாளை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

எனக்கும் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் தாமு அண்ணன் அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு எனக்கு அது தோன்றவே இல்லை. கல்லூரியில் படிக்கிற பெண் நான், பாதிச் சொல்லை முழுச் சொல் என்று நம்பி, அதைச் சரியாக எந்த இடத்தில் வெட்டுவது என்று கண்ணாடி முன் நின்று பழகினேன்.

மாடியில்

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்ததும் திருவண்ணாமலைக்கு இன்னொரு கூட்டம் வரும். குளிர்காலம் முழுக்கத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள். ஆசிரமம் இருக்கும் சாலையில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர், தன் விருந்தினர்களுக்காக ஒரு பாட்டு நிகழ்ச்சி நடத்த ஆசைப்பட்டார். தாமு அண்ணன் போய்ப் பேசினார். "உங்க ஊரு பாட்டையே பாடறோம்னு அவங்ககிட்ட சொல்லுங்க சார்" என்றாராம்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்தில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். நிகழ்ச்சியன்று டிரிப் முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், தோளில் டிக்கெட் பையும் கழுத்தில் விசிலுமாக மாடிப்படி முடிகிற இடத்தில் வந்து நின்றுகொண்டார். லாட்ஜ்காரர் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

முதல் பாட்டு நன்றாகத்தான் போனது. இரண்டாவதும். வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டோம். அது மகிழ்ச்சியாகவே இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு இளைஞன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்ததையும் பார்த்தேன்.

பிறகு அந்தக் கடைசிப் பாட்டு. 'டுமா' என்று வெட்டினேன்.

அமைதி.

முன்வரிசையில் நரைத்த கூந்தலைப் பின்னலிட்டிருந்த ஒரு அம்மாள், என்னைப் பார்த்துத் தலையசைத்தபடி, "ரோ..." என்று நீட்டிப் பாடினார். உதவி செய்கிற முகம். வகுப்பில் விடை மறந்த பிள்ளைக்கு டீச்சர் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பாரே, அப்படி.

அந்த ஒரு எழுத்தில் எல்லாம் புரிந்துவிட்டது.

மாடி முழுக்கப் பாடியது. கையால் தாளம் போட்டார்கள். ஒரு முழு சரணம், அதற்குப் பின் 'ஓ ஓ' என்று ஒரு கோரஸ். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். தாமு அண்ணன் கிட்டாரின் காதுகளைத் திருகிக்கொண்டிருந்தார். சுருதி சரியாகத்தான் இருந்தது.

முடித்துவிட்டு எல்லாரும் எங்களுக்காகக் கைதட்டினார்கள். அவர்களில் உரக்கத் தட்டியவர் படிக்கட்டோரம் நின்ற என் அப்பா. கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்.

அந்த அம்மாள் எழுந்து வந்தார். பெயர் ஜேனட். பல வருடங்களாகக் குளிர்காலத்தில் வந்து தங்குகிறவர், கொஞ்சம் தமிழ் பேசுவார்.

"பாட்டு ரொம்ப நல்லா" என்றார். "பாக்கி எங்கே?"

தாமு அண்ணன் "தேங்க்யூ, தேங்க்யூ" என்றார்.

நடுவழியில் ஒரு விசில்

கீபோர்டு வாசித்தவர் மறுநாளே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். 'டுமா தாமு' என்ற பெயர் ஒரு வாரத்தில் நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள், "பாட்ட முழுசா பாடுவீங்கல்ல தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். தாமு அண்ணனும் முதலில் கூடவே சிரித்தார். பங்குனிக்குள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பெங்களூர் போய்விட்டார். அங்கே ஒரு ஒலிபெருக்கி நிறுவனத்தில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கிட்டாரை எடுத்துப் போனாரா என்று தெரியாது. கேட்கவும் கூச்சம்.

என் பாடு வேறு. தாமு அண்ணனைப் பார்த்து ஊர் சிரித்தது. எனக்கு, என்னைப் பெருமையாகப் பேசுகிறவரைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா அன்று நடந்ததைத் தனக்குப் புரிந்தபடி எடுத்துக்கொண்டார். தினமும் காலையில், நான் உட்கார்ந்திருக்கிற அதே பேருந்தில், டிக்கெட் கிழித்துக்கொண்டே யாரிடமாவது சொல்வார்.

"எம் பொண்ணு பாடுச்சு பாருங்க, வெள்ளைக்காரங்களுக்கு உக்கார முடியல. எல்லாரும் சேந்து கூடவே பாட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க ஊரு பாட்ட எம் பொண்ணு அவங்களுக்கே எடுத்துக் குடுக்குது!"

நான் சன்னலுக்கு வெளியே பார்ப்பேன். நெல் வயல், மல்லாட்டைக் கொல்லை, மறுபடி நெல் வயல். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்தச் செடிகளை அவ்வளவு ஊன்றிப் பார்த்த கல்லூரி மாணவி வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வராது.

ஒருநாள், கூட்டம் நெரிகிற காலைப் பேருந்தில், பின்படிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரி மாணவன் குரல் கொடுத்தான்.

"கண்டக்டர் அண்ணா, அவங்க ஒண்ணும் பாராட்டிப் பாடலண்ணா. உங்க பொண்ணு 'டுமா'ன்னு பாதி வார்த்தையில நின்னுடுச்சு. அவங்க பாவம்னு 'ரோ' போட்டு முடிச்சாங்க."

பேருந்து சிரித்தது. அவன் கெட்டவன் இல்லை. வேடிக்கைக்குச் சொன்னான்.

அப்பா கூட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கி, பெண்கள் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, நெசமா?"

தலையசைத்தேன்.

அப்பா விசிலை எடுத்து ஊதினார். டிரைவர் பேருந்தை ஓரம் கட்டினார். இரண்டு பக்கமும் வயல். நிறுத்தமே இல்லாத இடம்.

"யாரு எறங்கறது?" என்று டிரைவர் திரும்பிக் கேட்டார்.

யாரும் இறங்கவில்லை. எதற்காக ஊதினோம் என்று அப்பாவுக்கே தெரியவில்லை. மறுபடி ஊதினார். பேருந்து கிளம்பியது. திருவண்ணாமலை வரும் வரை அவர் டிக்கெட், சில்லறை என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

வீட்டுக்கு வந்தவர்

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பேருந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெரு நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. எட்டிப் பார்த்தேன்.

காக்கி உடுப்பில் அப்பா முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் ஜேனட். அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெரு.

அப்பா நேராக லாட்ஜுக்குப் போயிருக்கிறார். மாடியேறி, 'எம் பொண்ணுக்கு பாக்கிப் பாட்ட சொல்லிக் குடுங்கம்மா' என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாளும் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே பேருந்து ஏறிவிட்டார்.

அம்மா பதறிப்போய் ஒயர் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வேகவைத்த மல்லாட்டையை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். சன்னலில் தலைகள். வாசற்படியில் தலைகள். பக்கத்து வீட்டு அத்தை உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வா பாப்பா, வந்து உக்காரு. அம்மா உனுக்கோசரம்தான் வந்துருக்காங்க."

உட்கார்ந்தேன். ஈரக் கூந்தல் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது.

ஜேனட் மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே பேசினார். அந்தப் பாட்டு தனியாக ஒரு தட்டாக வந்தபோது அவருக்கு என் வயதாம். வந்த அன்றே போய் வாங்கினாராம்.

"என் அப்பா... பாட்டு போட்டா, 'மூடு, மூடு' சொல்வார். கதவு சாத்துவார். நான் கட்டில் கீழே உட்கார்ந்து கேட்பேன். சின்ன சத்தம்."

சொல்லிவிட்டு என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார்.

பிறகு ஜேனட் பாடத் தொடங்கினார். முதலில் நான் வெட்டிய சொல், முழுசாக. "டுமாரோ." நிறுத்தினார். என் முறை.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"பரவாயில்ல. மெதுவா." மறுபடி பாடினார்.

சன்னலில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "பாடு பொண்ணே, மேடையில பாடலியா?" என்றாள். அம்மா கண்ணால் கெஞ்சினாள். எனக்கு அந்த மாடி, குனிந்து சிரித்த இளைஞன், பேருந்து, எல்லாம் ஒன்றாக எதிரே வந்து நின்றன. மூச்சுதான் வந்தது.

ஜேனட் மூன்றாம் முறை பாடி நிறுத்தினார்.

"டுமாரோ..." என்று ஒரு குரல் கேட்டது.

அப்பா.

கோயிலில் அரோகரா சொல்கிற குரலில் பாடினார். அதற்கு முன் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. ராகம் எங்கோ போனது. அந்தச் சொல்லின் கடைசியை நீட்டி, மேலே கொண்டு போய், அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார்.

தெரு வெடித்துச் சிரித்தது.

ஜேனட் சிரிக்கவில்லை. அவர் பக்கமாகத் திரும்பி அடுத்த வரியைப் பாடினார். அப்பா அதையும் திருப்பிப் பாடினார். ஒவ்வொரு சொல்லும் அவர் வாயில் வேறு ஏதோவாக மாறி வெளியே வந்தது. சன்னலில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ, "கண்டக்டரு ஹீரோ ஆயிட்டாருடோய்!" என்று கத்தினார்கள். அப்பா ஜேனட்டின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு, காக்கிச் சட்டையில் வியர்வை படர, முழுச் சரணத்தையும் அந்த 'ஓ ஓ' கோரஸையும் பாடி முடித்தார்.

நான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் நிறுத்த மாட்டாரா என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடியது. அப்போது எனக்கு அவரை நினைத்து வெட்கமாக இருந்தது. இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

கிளம்பும்போது ஜேனட் என் ஈரத் தலையில் கை வைத்தார். "பரவாயில்ல. லாட்ஜ் வா. நாளைக்கு, நாளான்னைக்கு, எப்போவும்."

நான் போகவில்லை. தை கழிந்ததும் அவர் ஊர் திரும்பிவிட்டார். அதன் பிறகு நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. கேட்ட வாசகர்களுக்கு இதுதான் பதில்.

அந்தக் கோடையில் அப்பா போளூர்ப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு மாறினார். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், வீடு திரும்ப நேரமாகும். முதலாளி மாற்றிவிட்டார் என்றார். எனக்கு, சொன்னால் நன்றாக இருக்காது, நிம்மதியாக இருந்தது. இனி அவர் பேருந்தில் போகவேண்டியதில்லை.

'கிஃப்டா மேடம்?'

இந்த அவமானம்தான் என்னை ஆங்கிலம் கற்கவைத்தது, பிற்பாடு நான் ஆங்கில ஆசிரியை ஆனேன் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. கணக்கு டீச்சர் ஆனேன். கல்யாணம் ஆகி திருவண்ணாமலையிலேயே ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார்.

புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். ஒரு வேலையாகச் சென்னை போனபோது, பெரிய புத்தகக் கடை ஒன்றில் இசைத்தட்டுப் பிரிவைத் தாண்டி நடந்தேன். அங்கே அந்தக் குழுவின் பெயர். அவர்களுடைய எல்லா சிங்கிள்ஸும் சேர்ந்த தொகுப்பு, குறுந்தகடாக. பின்னட்டையில் பாடல் பட்டியல். கடைசிப் பாட்டு அதேதான். யாராவது கவனிக்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தேன்.

கல்லாவில் இருந்த பெண் என் பருத்திப் புடவையையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கிஃப்டா மேடம்?"

"ஆமா" என்றேன்.

வண்ணத்தாள் சுற்றி நாடா கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து எனக்கு நானே பிரித்துக்கொண்டேன்.

அது ஒரு விடுமுறை நாள் பகல். கணவர் வெளியே போயிருந்தார். அப்பா கட்டிலில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கடைசிப் பாட்டைப் போட்டேன். அப்பள இரைச்சல் இல்லை. அவ்வளவு துல்லியம். ரயில் நிலையம், காத்திருப்பு, ஏற்றம். டுமாரோ. நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. நாளைக்கும் நீ வராவிட்டால் பரவாயில்லை, நான் வீட்டுக்கு நடந்து போய்விடுகிறேன் என்று அவன் சொல்கிறான். நாங்கள் பாடியவரை அது கெஞ்சுகிற பாட்டு. முழுசாகக் கேட்டால் ஆறிப்போகிற பாட்டு.

கோரஸ் வந்தது. 'ஓ ஓ'வென்று பாடியபடியே சத்தம் தேய்ந்து, தேய்ந்து, காணாமல் போனது.

"இன்னா, அப்டியே போயிடுச்சு?" என்றார் அப்பா. அவர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

"அவ்ளோதான் நைனா. இதுக்கு முடிவுன்னு ஒண்ணு இல்ல. சத்தத்த கம்மி பண்ணிக்கிட்டே போய் உட்டுடுறாங்க."

"அந்தம்மா முடிச்சாங்களே."

"அவங்க நமக்காக முடிச்சிருப்பாங்க."

அப்பா தலையாட்டினார். இத்தனை வருடங்களில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. நான்தான் கேட்டேன்.

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னால பாடினியே நைனா. உனுக்கு வெக்கமா இல்லியா?"

"ஏன் இல்ல? உடம்பெல்லாம் கூசிப் போச்சு." சாதாரணமாகச் சொன்னார். "அப்பால பஸ்ல ஏறுறவனெல்லாம் 'ஓ ஓ'ன்னு ஊளை உட்டான். விசில் ஊதினா 'டுமாரோ'ன்றான். எத்தினி நாளு தாங்குறது? நானே மொதலாளிகிட்ட போயி, என்னிய போளூர் வண்டிக்கு மாத்து சாமின்னு கேட்டுக்கினேன்."

முதலாளி மாற்றினார் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். வருடக்கணக்காக அவர் இருட்டில் எழுந்து போனதும், நான் என் போக்கில் வேறு பேருந்தில் நிம்மதியாகக் கல்லூரி போய்வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"அப்டியிருந்தும் ஏன் பாடின?"

"இன்னா கேள்வி இது? அந்தம்மா வேலைய உட்டுட்டு நம்மூட்டுக்கு வந்து பாடறாங்க. உனுக்கு வாய் வரல. யாராச்சும் ஒருத்தர் பதிலுக்குப் பாடித்தான ஆவணும்?"

பாட்டுப்பெட்டியின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

"இப்ப பாடேன்" என்றார் அப்பா.

"இப்பவா?"

"அன்னிக்குத்தான் வாய் வரல."

எழுந்து சன்னலைச் சாத்தப் போனேன். கீழ்வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் என்னிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகளே இருந்தார்கள்.

"அது தொறந்தே இருக்கட்டும்" என்றார்.

திறந்தே விட்டுவிட்டு, தட்டின் உறையில் அச்சாகியிருந்த வரிகளைப் பார்த்துப் பாடினேன். முதல் சொல்லிலிருந்து கோரஸ் வரை. இரண்டாம் வரியில் குரல் பிசிறியது. துணி காயப்போட்ட பெண் கையில் ஈரத் துணியோடு திரும்பிப் பார்த்தாள். காது மடல் சுட்டது. எப்படி முடிப்பது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரு முடிவை வைத்து முடித்தேன்.

அப்பா கைதட்டவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி" என்றார்.